13 வயதுப் பூனை சோர்ந்துபோய் ஒளிந்தே கிடக்கிறது: எதை முதலில் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: கருத்தடை செய்த ஆண் பூனை, வயது 13. ஒரு வாரமாகக் கட்டிலுக்கு அடியிலும் அலமாரி மூலையிலும்தான் இருப்பு. கூப்பிட்டால் வருவதில்லை. வைக்கும் உணவில் பாதி மிச்சமாகிறது. வாந்தி இல்லை, பேதி இல்லை, காயமும் தெரியவில்லை. வீட்டிலும் எதுவும் மாறவில்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். இன்னும் சில நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். இன்றோ நாளையோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கீழே சொல்லும் அவசர அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் நாளை என்ற பேச்சே கூடாது, இப்போதே கிளம்ப வேண்டும்.

வயதான பூனை அதிகம் தூங்கும் என்பது சரிதான். ஆனால் அந்த மாற்றம் மாதக்கணக்கில், நாம் கவனிக்காத அளவுக்கு மெதுவாக வரும். மேலும் அது வழக்கமாகத் தூங்கும் இடத்தில்தான் தூங்கும்: வெயில் விழும் ஜன்னலோரம், உங்கள் கால்மாடு, பழகிய நாற்காலி. ஒரே வாரத்தில் நடவடிக்கை மாறி, கை எட்டாத இருட்டு மூலையைத் தேடிப் போனால் அதற்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது. பூனை வேட்டையாடும் பிராணி மட்டுமல்ல, தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையும் கூட. தளர்ச்சியை வெளியே காட்டினால் உயிருக்கு ஆபத்து என்பது அதன் உடலில் ஊறிய பழக்கம். அதனால் நாய் போல முனகாது, நொண்டிக் காட்டாது. விலகிப்போய் ஒளிந்துகொள்ளும். பல நோய்களில் வாந்திக்கும் மெலிவுக்கும் முன்பே வெளியே தெரியும் ஒரே அடையாளம் இதுதான்.

முதலில் அவசரங்களைப் பார்த்துவிடுவோம்.

உங்களுடையது ஆண் பூனை என்பதால் முதல் கேள்வி: கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது? மண் தட்டில் போய்ப் போய்க் குந்துகிறது, முக்குகிறது, அடிவயிற்றுப் பக்கம் நக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் மண் நனையவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். இதைப் பலர் மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாளை இழந்துவிடுகிறார்கள். முழுதாக அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளுக்குள் இதயம் நின்றுவிடும்.

மற்ற அவசரங்கள்: வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பின்னங்கால்கள் திடீரென இழுத்துக்கொண்டு, பாதங்கள் சில்லிட்டு, வலியில் கத்துவது (இதய நோயால் உருவான ரத்தக்கட்டி கால்களுக்குப் போகும் தமனியை அடைப்பதால் வருவது), ஈறு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறுவது, கண்மணி அகலமாக விரிந்தபடியே இருந்து சுவரிலும் நாற்காலியிலும் முட்டிக்கொள்வது, வலிப்பு, லில்லிச் செடியைக் கடித்தது, மனிதர்களுக்கான வலி மாத்திரையைத் தின்றது, நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்து உடலில் பட்டது என்ற சந்தேகம். இவை எதற்கும் வீட்டு வைத்தியம் கிடையாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பூனை ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் அதுவும் அவசரக் கணக்கில்தான் சேரும். பட்டினி கிடக்கும் பூனையின் உடல் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அவ்வளவு கொழுப்பைக் கையாளும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. கொழுப்பு அங்கேயே தேங்கி, சில நாளில் மஞ்சள் காமாலையோடு கல்லீரல் செயலிழப்பு வரும். குண்டான பூனைக்கு இது இன்னும் வேகமாக வரும். உங்கள் பூனை பாதி சாப்பிடுகிறது என்பது ஆறுதல். ஆனால் அந்தப் பாதி எவ்வளவு என்று இன்றிலிருந்து எடை போட்டு எழுதி வையுங்கள். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை. உணவுப் பையின் மேல் எத்தனை கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருக்கும், கணக்குப் பார்த்துவிடலாம்.

மருத்துவரிடம் போவதற்குள் வீட்டில் பார்க்க வேண்டியவை சில உண்டு. பரிசோதனை அறைக்குள் நுழைந்ததும் பயத்தில் அட்ரினலின் ஏறி, சோர்ந்த பூனைகூட விறைப்பாக நிற்கும், நொண்டியது நொண்டாது. ஆகவே வீட்டில் நீங்கள் பார்த்த விவரம்தான் மருத்துவருக்குப் பெரிய துணை.

மூச்சிலிருந்து ஆரம்பியுங்கள். பூனை நன்றாகத் தூங்கும்போது, தொடாமல், விலா எலும்புக்குக் கீழே மயிர் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். வேறு வேறு நேரங்களில் எண்ணியும் 30-ஐத் தாண்டினால் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். குறட்டைபோல உறுமும்போது எண்ணாதீர்கள், கணக்குத் தப்பும்.

பிறகு ஈறு. மேல் உதட்டை மெல்லத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழையபடி இளஞ்சிவப்பாக வேண்டும். விரலில் பிசுக்கென்று ஒட்டினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. கழுத்துத் தோலை இழுத்துவிட்டு நீரிழப்பைப் பார்க்கும் முறை வயதான பூனைக்கு ஒத்துவராது. தோலின் இழுவை ஏற்கெனவே தளர்ந்திருப்பதால், நீர்ச்சத்து சரியாக இருந்தாலும் தோல் மெதுவாகத்தான் இறங்கும்.

எடை. நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் நின்று, பிறகு தனியே நின்று கழித்தால் தோராயமாகக் கிடைக்கும். குழந்தை எடை பார்க்கும் கருவி இருந்தால் இன்னும் துல்லியம். 4 கிலோ பூனை 400 கிராம் இழப்பது 60 கிலோ மனிதர் 6 கிலோ இழப்பதற்குச் சமம். மயிர் அடர்த்தியில் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் தடவினால் தசை கரைந்திருப்பது கைக்குத் தெரியும்.

தண்ணீர். கிண்ணத்தில் அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளவுக் குவளையில் அளங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது 4 கிலோ பூனை 400 மில்லி குடித்தால், சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். ஈர உணவு தின்னும் பூனைக்கு இதைவிட மிகக் குறைவான அளவே அதிகம்தான். மண் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் முன்பைவிடப் பெரிதாகவோ எண்ணிக்கை கூடியோ இருப்பதும் அதே செய்தி. அளப்பதைவிட இது எளிது.

இனி உட்காரும் விதத்தையும் முகத்தையும் பாருங்கள். நிம்மதியான பூனை பக்கவாட்டில் சாய்ந்து, காலை நீட்டிக் கிடக்கும். வலியுள்ள பூனை அடைகாக்கும் கோழி போல நாலு காலையும் உடலுக்கடியில் வைத்து, முதுகைக் கூனி, தலையைத் தோள்மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டிருக்கும். தூங்குவதுபோல் தெரியும், ஆனால் கண் முழுதாக மூடியிருக்காது. மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட முகபாவ அளவுகோல் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: காதுகள் விலகித் திரும்பியிருப்பது, கண் சுருங்குவது, மூக்கைச் சுற்றிய பகுதி இறுகுவது, மீசை நேராக விறைப்பது, தலை தாழ்ந்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் பத்துக்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி மருந்து தேவை என்று பொருள். விழித்திருக்கும்போது, அமைதியான நேரத்தில் பார்த்தால்தான் இது சரியாக வரும். இருக்கும் இடத்திலேயே அரை நிமிட வீடியோவும், நடக்கும்போது ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள்.

காரணங்களுக்கு வருவோம். இந்த வயதில் "சோர்வு, ஒளிவு, பாதிச் சாப்பாடு" என்ற சேர்க்கையைக் கொண்டுவருவதில் முதன்மையானவை வலி, சிறுநீரகம், தைராய்டு, ரத்த அழுத்தம். பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்துவதால்தான் பல பூனைகள் சிகிச்சைக்குப் பிறகும் தேறாமல் கிடக்கின்றன.

வலியில் முதலிடம் மூட்டுத் தேய்மானத்துக்கு. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வில் 90 பூனைகளுக்குத் தேய்மானம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் மருத்துவக் குறிப்பில் மூட்டுப் பேச்சே இல்லை. காரணம், இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தேய்வதால் பூனை நொண்டாது. ஒரே தாவலில் ஏறிய இடத்துக்கு நாற்காலி வழியாக இரண்டு தாவலில் ஏறும், ஏறும் முன் நின்று யோசிக்கும், இறங்கும்போது தொப்பென்று விழும். முதுகின் பின்பாதியை நக்க முடியாமல் மயிர் சிக்குப் பிடிக்கும். நகம் தேயாமல் தடித்து வளைந்து பாதச் சதைக்குள் இறங்கியிருக்கலாம். இன்றைக்கே ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பாருங்கள், கட்டைவிரல் நகத்தை விட்டுவிடாதீர்கள். விளிம்பு உயரமான மண் தட்டென்றால் அதற்கு வெளியே சிறுநீர் போகும். எகிறி ஏற முடியாத பூனைக்குத் தரைமட்டத்தில் கிடைக்கும் ஒரே ஒதுக்கிடம் கட்டிலடி என்பதையும் யோசியுங்கள்.

அடுத்தது பல். ஈறுக்கு அருகே பல்லின் உள்ளே குழி விழுந்து, பல்லை உடலே கரைக்கும் நோய் வயதான பூனைகளில் மிகச் சாதாரணம், வலியோ கடுமையானது. தட்டருகே ஆசையாகப் போய், மோந்து, திரும்பிவிடுவது. கெட்டி உணவை ஒரு பக்கமாக மெல்லுவது அல்லது மெல்லாமல் விழுங்குவது. வாயிலிருந்து உணவு கீழே விழுவது. எச்சில், துர்நாற்றம் எல்லாம் அடையாளங்கள். வெளியே பல் நன்றாகத் தெரிந்தாலும் வேர் கரைந்திருக்கும். மயக்க மருந்து கொடுத்துப் பல்லுக்கான எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதியாகும்.

சிறுநீரக நோய் 10 வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு) அளவு இயல்பைத் தாண்டும்போது சிறுநீரகச் செயல்பாட்டில் ஏறத்தாழ முக்கால்வாசி போயிருக்கும். மெலிந்த பூனைக்குத் தசை குறைவதால் கிரியேட்டினினும் குறைவாகவே காட்டும், அதை நம்பி ஏமாறக் கூடாது. எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை அளவும் சிறுநீரின் அடர்த்தியும் அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். அடர்த்தி 1.035-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் விசாரிக்க வேண்டும். மெதுவான நோய்தானே, ஒரு வாரத்தில் எப்படிச் சோர்ந்தது என்று கேட்கலாம். அதற்கு வழி உண்டு. சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயில் சின்னக் கல் சிக்கினால், சிறுநீர் கழிப்பதில் எந்த மாற்றமும் இல்லாமலே பூனை சட்டென்று ஒடுங்கிவிடும். ஏனென்றால் மறுபக்கச் சிறுநீரகம் சிறுநீரைத் தந்துகொண்டிருக்கும். சிறுநீரகத்தில் கிருமித் தொற்று ஏறினாலும் இதே நிலைதான். கிரியேட்டினின் திடீரென உயர்ந்திருந்தால் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். சிறுநீரைக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பொட்டாசியம் மிகக் குறைந்துபோனால் கழுத்துத் தசை தளர்ந்து, மோவாய் நெஞ்சோடு ஒட்டுவதுபோலத் தலை தொங்கும். இது உடனே கவனிக்க வேண்டியது, கவனித்தால் நன்றாகத் திரும்பும்.

தைராய்டு மிகைச் சுரப்பு என்றால் நிறையத் தின்றும் மெலியும், ஓயாமல் கத்தித் திரியும் பூனைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதே நோய் சில பூனைகளை நேர்மாறாகச் சோர்வு, பசியின்மை என்றும் ஆக்கும். அதனால் "துறுதுறுப்பு இல்லையே" என்று ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனை அளக்கும் டி4 பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. வேறு நோய் கூட இருந்தால் டி4 அளவு பொய்யாக இயல்புக்குள் இறங்கும். எல்லையின் மேல்பாதியில் இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. தைராய்டு சிகிச்சை தொடங்கியதும், அதுவரை மறைந்திருந்த சிறுநீரக நோய் வெளியே வருவது உண்டு. மருந்து கெடுத்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அளவைத் திருத்திக்கொள்ளலாம்.

ரத்த அழுத்தம் மேற்சொன்ன இரண்டு நோயோடும் ஒட்டிக்கொண்டே வரும். மேல் எண் 160-ஐத் தாண்டினால் மிகை, 180-ஐத் தாண்டினால் விழித்திரை பிய்ந்து ஒரே இரவில் பார்வை போகலாம். திடீரெனப் பார்வை மங்கிய பூனை மூலையில் ஒடுங்குவது இயற்கைதானே. ரத்தம் எடுக்கும் முன்பே, பூனை ஐந்து பத்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு, பல தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். அம்லோடிபின் என்ற மருந்து பூனைக்கு நன்றாக வேலை செய்யும், ஆகவே இதைக் கண்டுபிடிக்காமல் விடுவது பெரும் பிழை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணைய அழற்சி: பூனைக்கு வாந்தி இல்லாமலே வரும், சோர்வும் பசியின்மையும் மட்டும்தான் இருக்கும். சர்க்கரை நோய்: பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி நடக்கும். பயத்தாலும் ரத்தச் சர்க்கரை ஏறும் என்பதால் கடந்த சில வாரச் சர்க்கரை அளவைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். குடல் லிம்போமா போன்ற புற்றுநோய்கள். ரத்தசோகை. ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்புச் சத்தமே கேட்காத இதயத் தசைத் தடிப்பு. வேறு பூனையோடு சண்டை போட வாய்ப்பிருந்தால், கடிபட்ட மூன்றாம் நாள் வாக்கில் தோலுக்கடியில் சீழ் கட்டி காய்ச்சல் வரும். வால் அடி, கன்னம், கால்களில் மயிரைப் பிரித்துச் சின்னப் பொருக்கோ சூடான வீக்கமோ இருக்கிறதா பாருங்கள். இரண்டு நாளுக்கு மேல் மலம் இல்லாமலோ, காய்ந்த உருண்டையாகவோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூளைத் தளர்ச்சியும் உண்டு. ஆனால் அதன் முகம் பெரும்பாலும் இரவில் காரணமின்றிக் கத்துவது, வழி தடுமாறுவது. ஒரு வாரச் சோர்வுக்கு அதைக் காரணமாக்க அவசரப்பட வேண்டாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் சுற்று: எடை, உடல் வெப்பம் (100.4 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு), வாய், கழுத்தில் தைராய்டு முடிச்சு, வயிறு, மூட்டு, கண்ணின் உட்புறம்; ரத்த அணுக்கள்; சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பரஸ், கால்சியம் அடங்கிய ரத்த வேதிப் பரிசோதனை; டி4; முழுச் சிறுநீர்ப் பரிசோதனை; ரத்த அழுத்தம். சிறுநீரை ஊசியால் பையிலிருந்து நேரடியாக எடுப்பதே சுத்தம். கேட்கப் பயமாக இருந்தாலும் பூனைக்கு இது ரத்தம் எடுப்பதைவிடப் பெரிய வலி அல்ல. நரம்பு வழியாக நீர் (டிரிப்ஸ்) ஏற்றுவதற்கு முன்பே ரத்தமும் சிறுநீரும் எடுத்துவிட வேண்டும், ஏற்றிய பிறகு எடுத்தால் அடர்த்திக் கணக்கு பயன்படாது. இதயத்தைக் கேட்டுப் பார்க்காமல் நிறைய நீர் ஏற்றுவதும் ஆபத்து, மறைந்திருக்கும் இதய நோய் நுரையீரலில் நீர் கோத்துவிடும். முதல் சுற்றில் விடை கிடைக்காவிட்டால் அடுத்து வயிற்று அல்ட்ராசவுண்ட், மார்பு எக்ஸ்ரே, கணையத்துக்கான ரத்தப் பரிசோதனை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தப் பரிசோதனையும் இல்லாமல் "ஒரு ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்போம்" என்றால், முதலில் பரிசோதனை செய்யலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஸ்டீராய்டு போட்டதும் பூனை இரண்டு நாள் எழுந்து நடமாடும், சாப்பிடும். ஆனால் லிம்போமா இருந்தால் அது மறைந்து, பிறகு எடுக்கும் சதைப் பரிசோதனையிலும் பிடிபடாமல் போகலாம். சர்க்கரை நோயும் இதயச் செயலிழப்பும் அதனாலேயே கிளம்பலாம்.

வீட்டில் எந்த வலி மருந்தும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லாததால், ரத்தத்தின் பிராணவாயு சுமக்கும் திறன் கெட்டு, ஈறு பழுப்பாகி, முகம் வீங்கிச் சாகும். அரை மாத்திரையே போதும். ஐபுப்ரொஃபனும் அப்படியே கொல்லும். பூனைக்கென்று உள்ள மெலாக்சிகாம்கூட, நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். வீட்டில் பழைய பாட்டில் இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டில் கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள். வாய்க்குள் சிரிஞ்சால் திணித்தால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அந்த உணவின் மேலேயே வெறுப்பு வந்து, குணமான பிறகும் தொடாது. ஈர உணவை உடல் சூட்டுக்கு, மணிக்கட்டில் வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும் அளவுக்கு, சூடாக்கி, ஒரு தேக்கரண்டி மட்டும் அகலமான தட்டில் ஒளியும் இடத்துக்கு அருகே வையுங்கள். அரை மணி கழித்து எடுத்துவிடுங்கள். குமட்டல் இருந்தால் தட்டைப் பார்த்ததும் உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும். அதைச் சொன்னால் மாரோபிடன்ட் போன்ற குமட்டல் மருந்தும், தேவையானால் மிர்டாசபின் போன்ற பசி மருந்தும் தருவார்கள். நாலைந்து நாளாகியும் உணவு ஏறவில்லை என்றால் கழுத்து வழியாக உணவுக் குழாய் வைப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் மருந்தும் உணவும் போராட்டமில்லாமல் உள்ளே போகும்.

ஒளிந்திருக்கும் பூனையைக் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். மூட்டுவலி இருந்தால் கடித்துவிடும், உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போகும். கட்டிலடியை மெத்தையாலோ பெட்டியாலோ அடைத்துவிட்டு, ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டியைப் பழைய துணி விரித்து, நீங்கள் பார்க்கக்கூடிய மூலையில் வையுங்கள். ஒளிய இடமும் கிடைக்கும், மூச்சு எண்ணவும் முடியும். தண்ணீரும் விளிம்பு தாழ்ந்த மண் தட்டும் அதே அறையில், ஆனால் ஒன்றையொன்று ஒட்டாமல் இருக்கட்டும். போகும் நாளில் மேல்மூடி கழலும் கூடையாக இருந்தால் வசதி. அடிப்பாகத்தில் உட்கார்ந்தபடியே மருத்துவர் பார்த்துவிடலாம். மிகவும் மிரளும் பூனை என்றால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொடுக்கும், பயம் தணிக்கும் காபாபென்டின் மருந்து பற்றிக் கேளுங்கள். சிறுநீரக சந்தேகம் இருந்தால் அளவைக் குறைப்பார்கள், அதையும் நினைவூட்டுங்கள்.

எல்லாப் பரிசோதனையும் இயல்பு என்று வந்தால், அப்போதும் வயதுதான் காரணம் என்று கோப்பை மூடிவிட வேண்டாம். ரத்தத்திலும் சிறுநீரிலும் தெரியாதவற்றில் முக்கியமானவை பல்லும் மூட்டும். பல் எக்ஸ்ரே ஒன்று. மூட்டுக்கு, மருத்துவர் மேற்பார்வையில் வலி மருந்தைச் சில வாரம் கொடுத்துப் பார்ப்பதே ஒரு பரிசோதனை. மாதம் ஒரு ஊசியாகப் போடும் ஃப்ருனெவெட்மாப் என்ற வலி மருந்து பூனையின் மூட்டுவலிக்கென்றே வந்தது, ஐரோப்பாவில் 2021-லும் அமெரிக்காவில் 2022-லும் அனுமதி பெற்றது. தொடங்கும் முன் மூன்று செயல்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஜன்னல் திண்ணைக்கு ஒரே தாவலில் ஏறுகிறதா, முதுகின் பின்பகுதியை நக்குகிறதா, நீங்கள் வீடு திரும்பும்போது எழுந்து வருகிறதா. நாலு வாரம் கழித்து அந்த மூன்றையும் மறுபடி பாருங்கள். ஒன்றாவது திரும்பியிருந்தால் ஒளிந்ததற்குக் காரணம் வலிதான், மருந்தைத் தொடருங்கள்.